லைப்ரரியை எந்தத் திரெட்டில், எப்போது தொடங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் இருந்து எதையாவது இறக்கும் சி, சி++ புரோகிராம்களைப் பிரித்துப் பார்த்தால் பல நேரம் உள்ளே லிப்கர்ல் இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1998-ல் வெளியிட்ட கர்ல் கருவியின் உள்பகுதி அது. 2000-ல் தனி லைப்ரரியாக வந்தது. அதைத் தொடங்க ஒரே ஒரு வரி போதும். ஆனால் அந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான், பல திரெட்டுகளை (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலை ஓட்டங்கள்) வைத்திருக்கும் புரோகிராம்கள் சறுக்குகின்றன. கீழே உள்ள பதில்களில் லிப்கர்லைத்தான் முக்கிய உதாரணமாக எடுத்திருக்கிறேன். குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல், டேட்டாபேஸ்களான எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் பற்றியும் போகிற போக்கில் வரும்.

லைப்ரரியைத் தொடங்குவது என்றால் என்ன? ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களை எல்லாம் நேராகத்தானே கூப்பிடுகிறோம்?

ஸ்ட்ரிங்கின் நீளத்தை அளக்கும் ஃபங்ஷனுக்குத் தனக்கென்று வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. கொடுத்ததை எண்ணிச் சொல்லிவிட்டுப் போய்விடும். லிப்கர்ல் அப்படி அல்ல. பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் லைப்ரரியைத் தயார் செய்ய வேண்டும். விண்டோஸில் சாக்கெட் அமைப்பை எழுப்ப வேண்டும். பெயரை ஐபி முகவரியாக மாற்ற சி-ஏரெஸ் இருந்தால் அதையும், எஸ்எஸ்எச் வசதி இருந்தால் லிப்எஸ்எஸ்எச்2-ஐயும் தொடங்க வேண்டும். மெமரி ஒதுக்க எந்த ஃபங்ஷனைப் பயன்படுத்துவது என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். இவை எல்லாம் புரோகிராம் முழுவதற்கும் பொதுவான குளோபல் வேரியபிள்களில் போய் உட்காரும். கர்ல்_குளோபல்_இனிட் என்ற ஃபங்ஷன் செய்வது இந்த வேலையைத்தான்.

குளோபல் வேரியபிள் என்று வந்துவிட்டாலே, எந்தத் திரெட் எப்போது அதில் எழுதுகிறது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

விளக்கம் எல்லாம் அப்புறம். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியுமா?

மெயின் ஃபங்ஷனின் ஆரம்பத்தில், வேறு எந்தத் திரெட்டையும் உருவாக்கும் முன், கர்ல்_குளோபல்_இனிட்டை ஒரு முறை அழையுங்கள். திரும்பி வரும் மதிப்பு பூஜ்ஜியமா என்று பாருங்கள். இல்லை என்றால் புரோகிராமை அங்கேயே நிறுத்துங்கள். எல்லாத் திரெட்டும் முடிந்து, மெயின் மட்டும் மிச்சம் இருக்கும்போது கர்ல்_குளோபல்_கிளீன்அப்பை ஒரு முறை அழையுங்கள்.

மெயின் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் இதற்கு மேல் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற எல்லாச் சிக்கலும் மெயின் கையில் இல்லாதவர்களுக்கும், மெயினுக்கு முன்பே யாரோ திரெட் தொடங்கிவிட்டவர்களுக்கும்தான்.

நான் அந்த ஃபங்ஷனை அழைத்ததே இல்லை. இரண்டு வருடமாக ஒழுங்காகத்தானே ஓடுகிறது?

நீங்கள் அழைக்கவில்லை, ஆனால் அது அழைக்கப்படுகிறது. இணைப்பு வேலைக்கு முதலில் அழைக்கும் கர்ல்_ஈஸி_இனிட், உள்ளே நுழைந்ததும் குளோபல் தொடக்கம் நடந்ததா என்று பார்க்கும். நடக்கவில்லை என்றால் தானே நடத்திவிடும். ஒற்றைத் திரெட் புரோகிராமில் இது நல்ல உதவி. பத்து வேலைத் திரெட்டுகள் ஒரே நொடியில் எழுந்து, பத்தும் முதல் வேலையாகக் கர்ல்_ஈஸி_இனிட்டை அழைத்தால் கதை வேறு. லிப்கர்லின் கையேடே இந்தத் தானியங்கி வசதியை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான் எச்சரிக்கிறது.

இரண்டு வருடம் ஓடியதற்குக் காரணம் பெரும்பாலும் நேரப் பொருத்தம்தான். முதல் கோரிக்கை வந்து சில நூறு மில்லிநொடி கழித்து இரண்டாவது வந்திருக்கும், அதற்குள் முதல் திரெட் தொடக்கத்தை முடித்திருக்கும். சர்வரை மாற்றுகிறீர்கள், கோர்கள் கூடுகின்றன, அல்லது புரோகிராம் மறுபடி எழும் நேரத்தில் வரிசையில் ஏற்கெனவே இருநூறு கோரிக்கை காத்திருக்கிறது. அன்றைக்குத்தான் பிழை முகம் காட்டும். அதுவும் பிழைச் செய்தியில் ‘தொடக்கம்’ என்ற சொல்லே இருக்காது.

அப்படி இரண்டு திரெட் ஒரே நேரத்தில் உள்ளே போனால் சரியாக என்ன நடக்கும்?

பழைய பதிப்புகளில் கர்ல்_குளோபல்_இனிட்டின் முதல் வேலை ஒரு எண்ணிக்கையைப் பார்ப்பது. அது பூஜ்ஜியம் இல்லை என்றால் ‘ஏற்கெனவே தொடங்கியாச்சு’ என்று வெற்றிக் குறியோடு திரும்பிவிடும். பூஜ்ஜியம் என்றால் மேலே போய் எல்லாவற்றையும் தயார் செய்யும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பார்த்த அதே வரியில் எண்ணிக்கை ஒன்று கூட்டப்பட்டுவிடும். வேலை முடிந்த பிறகு அல்ல, தொடங்கும் முன்பே.

இப்போது அ, ஆ என்று இரண்டு திரெட்டை எடுத்துக்கொள்வோம். அ உள்ளே வந்து எண்ணிக்கையை ஒன்றாக்கிவிட்டு எஸ்எஸ்எல்லைத் தயார் செய்யப் போகிறது. அந்த நேரத்தில் ஆ வருகிறது. எண்ணிக்கை ஒன்று, எனவே வெற்றி என்ற பதிலோடு உடனே வெளியே வந்து எச்டிடிபிஎஸ் இணைப்பைத் திறக்கப் போகிறது. அடுப்பே பற்றவில்லை, அதற்குள் பந்தியில் ஆள் உட்கார்ந்தாயிற்று. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்போடு இது நடந்தால், குறியாக்க முறைகளின் பட்டியல் இன்னும் நிரம்பாத நிலையில் ‘லைப்ரரியில் சைஃபர்களே இல்லை’ என்ற வகைப் பிழை வரும். பார்ப்பவர் சான்றிதழிலோ சர்வரிலோ கோளாறு என்று நினைத்து அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது சாத்தியம் இன்னும் மோசம். கூட்டும் செயல் அணுச் செயல் (இடையில் யாரும் புக முடியாத ஒற்றைச் செயல்) அல்ல. படி, கூட்டு, எழுது என்று மூன்று படி. இரண்டு திரெட்டும் பூஜ்ஜியத்தைப் படித்துவிட்டால் இரண்டுமே தயார் செய்யும் வேலையில் இறங்கும். ஒரே அட்டவணையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிரப்புவார்கள். ஹீப் (ஓடும்போது ஒதுக்கப்படும் மெமரி) கெட்டுப்போய், சம்பந்தமே இல்லாத இடத்தில், பத்து நிமிடம் கழித்து கிராஷ் ஆகும். எண்ணிக்கையும் இரண்டுக்குப் பதில் ஒன்றாக நின்றுவிடலாம். கடைசியில் ஒரு கிளீன்அப் அழைப்பு, இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் லைப்ரரியையே கலைத்துவிடும்.

சி மொழித் தரத்தின்படி இது தரவுப் போட்டி. 2011-க்குப் பிந்தைய சி, சி++ இரண்டிலும் அப்படி ஒன்று நடந்துவிட்டால் புரோகிராம் என்ன செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ‘எண்ணிக்கைதானே, ஒன்று குறைந்தால் குறையட்டும்’ என்று விட முடியாது.

சரி, அழைப்பைச் சுற்றி ஒரு மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டுவிட்டால்?

உங்கள் கோடில் உள்ள இரண்டு அழைப்புகள் ஒன்றோடொன்று மோதுவதை அது தடுக்கும். ஆனால் பழைய லிப்கர்லின் நிபந்தனை அதைவிடக் கடுமையானது: இதை அழைக்கும்போது புரோகிராமில் வேறு எந்தத் திரெட்டும் ஓடக் கூடாது. லிப்கர்லைப் பயன்படுத்தும் திரெட் மட்டும் அல்ல, எந்தத் திரெட்டுமே. பலர் இந்த வரியைப் படித்துவிட்டு மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று கடந்துபோகிறார்கள். மிகை எதுவும் இல்லை.

காரணம் எளிது. கர்ல்_குளோபல்_இனிட் தன் வேலையை மட்டும் செய்வதில்லை. எஸ்எஸ்எல்லையும் லிப்எஸ்எஸ்எச்2-ஐயும் சி-ஏரெஸையும் தொடங்கிவைக்கிறது. லிப்எஸ்எஸ்எச்2-இன் தொடக்க ஃபங்ஷன் திரெட்-பாதுகாப்பானது அல்ல என்று அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. இப்போது உங்கள் புரோகிராமில் வேறொரு மூலையில், வேறொரு குழு எழுதிய லாக் அனுப்பும் பகுதி லிப்கர்ல் இல்லாமல் நேரடியாக ஓப்பன்எஸ்எஸ்எல்லையோ லிப்எஸ்எஸ்எச்2-ஐயோ தொடங்கிக்கொண்டிருந்தால், அவர்களுக்கு உங்கள் மியூட்டெக்ஸ் தெரியவே தெரியாது. ஒரு பூட்டு வேலை செய்ய வேண்டுமானால் சம்பந்தப்பட்ட எல்லோரும் அதே பூட்டைப் போட வேண்டும்.

இதே வரிசையில் சேரும் இன்னொரு பழைய வில்லன் சூழல் மாறிகள் (புரோகிராமுக்கு வெளியே இருந்து வரும் அமைப்பு மதிப்புகள்). பல லைப்ரரிகள் தொடங்கும்போதோ முதல் பயன்பாட்டிலோ சூழல் மாறிகளைப் படிக்கும். அதே நேரத்தில் இன்னொரு திரெட் செட்என்வ் அழைத்து அந்த அட்டவணையை மாற்றினால், படிப்பவர் கையில் இருந்த பாயின்டர் செல்லாக்காசு ஆகலாம். ரஸ்ட் மொழி இதற்காகவே 2024 எடிஷனில் சூழல் மாறியை மாற்றும் ஃபங்ஷனைப் பாதுகாப்பற்றது என்று குறித்துவிட்டது. ஆகவே செட்என்வ் வேலை இருந்தால் அதையும் மெயினின் தொடக்கத்திலேயே, தொடக்க அழைப்புகளுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

லிப்கர்ல் 7.84.0-ல் இதை எல்லாம் சரிசெய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேனே?

பாதி உண்மை. 2022 ஜூனில் வந்த 7.84.0 பதிப்பில் இருந்து கர்ல்_குளோபல்_இனிட்டைத் திரெட்-பாதுகாப்பாக அழைக்க முடியும். ஆனால் அந்த லைப்ரரியைக் கட்டியபோது தேவையான அணுச் செயல் அல்லது பூட்டு வசதி அந்த இயங்குதளத்திலும் கம்பைலரிலும் இருந்திருக்க வேண்டும். இருந்ததா இல்லையா என்பதை லைப்ரரியே சொல்லும். பதிப்புத் தகவலைத் தரும் கர்ல்_வெர்ஷன்_இன்ஃபோ ஃபங்ஷன் திருப்பும் கொடிகளில் ‘திரெட்சேஃப்’ என்ற கொடி ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டளை வரியில் கர்லின் பதிப்பைக் கேட்டாலும் வசதிகள் பட்டியலில் அந்தச் சொல் தெரியும். ஒரு எச்சரிக்கை: கட்டளை வரிக் கருவி இணைந்திருக்கும் லிப்கர்லும் உங்கள் புரோகிராம் இணைந்திருக்கும் லிப்கர்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாடிக்கையாளர் கணினிக்குப் போகும் புரோகிராம் என்றால் இன்னும் கவனம் தேவை. நீங்கள் கம்பைல் செய்த கணினியில் 8-ஆம் வரிசைப் பதிப்பு இருக்கும், ஓடப் போகும் கணினியில் 7.29 இருக்கும். அதனால் கம்பைல் செய்யும்போது ஹெடரில் உள்ள எண்ணை நம்பாமல், ஓடும்போது கொடியைக் கேட்பதே முறை.

என் கருத்தைக் கேட்டால், புதிய பதிப்பு இருந்தாலும் மெயினில் அழைக்கும் பழக்கத்தை விடாதீர்கள். ஒரு வரிதான். கொடி இருக்கிறதா இல்லையா என்ற கவலையே வேண்டாம்.

நாங்கள் எழுதுவது புரோகிராம் அல்ல, இன்னொரு லைப்ரரி. மெயின் எங்கள் கையில் இல்லை. என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் உண்மையிலேயே கடினமானது இதுதான். பணம் செலுத்தும் எஸ்டிகே (மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்க்கும் கருவித் தொகுப்பு) எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே லிப்கர்ல். அதைப் பயன்படுத்துபவருக்கு லிப்கர்ல் இருப்பதே தெரியாது, தெரியவும் கூடாது. அவர் உங்கள் ஃபங்ஷனை எந்தத் திரெட்டில் இருந்தும் எப்போதும் அழைப்பார்.

நேர்மையான வழி: உங்கள் லைப்ரரிக்கும் ஒரு தொடக்க ஃபங்ஷன் வையுங்கள். அதற்குள் கர்ல்_குளோபல்_இனிட்டை அழையுங்கள். லிப்கர்ல் உங்கள் மீது போட்ட நிபந்தனையை அப்படியே உங்கள் ஆவணத்தில் எழுதுங்கள்: ‘மெயினில், மற்ற திரெட்டுகளுக்கு முன் அழைக்கவும்.’ பொறுப்பு ஒரு படி மேலே போகிறது. மேலே இருப்பவரும் லைப்ரரி என்றால் அவர் இன்னும் ஒரு படி மேலே தள்ளுவார். கடைசியில் அது மெயின் வைத்திருப்பவரிடம் போய்ச் சேரும். வேறு எந்தத் திரெட்டும் இன்னும் எழவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பயன்படுத்துபவருக்கு ஒரு வரி கூடுதலாக எழுத வைக்கிறோமே என்று தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். ‘எதையும் தொடங்க வேண்டாம், அப்படியே பயன்படுத்தலாம்’ என்று விளம்பரம் செய்யும் லைப்ரரி, உள்ளே அதே வேலையைத் தெரியாத நேரத்தில் தெரியாத திரெட்டில் செய்துகொண்டிருக்கும்.

உங்களைப் போலவே வேறு இரண்டு பிளகினும் லிப்கர்லைத் தொடங்கினால்? அதற்குத்தான் அந்த எண்ணிக்கை. எத்தனை முறை வேண்டுமானாலும் தொடங்கலாம், அத்தனை முறை கிளீன்அப் அழைத்தால் போதும். கடைசி அழைப்பில்தான் உண்மையான கலைப்பு நடக்கும். அதனால் ‘ஏற்கெனவே யாராவது தொடங்கியிருப்பார்கள்’ என்று விட்டுவிடாமல், தேவைப்படும் ஒவ்வொரு பகுதியும் தன் கணக்குக்கு ஒரு முறை தொடங்குவதே சரி.

ஒரு ஃபங்ஷனை ஒரே முறை மட்டும் ஓடவைக்கும் பிதிரெட்_ஒன்ஸ், ஸ்டட்::கால்_ஒன்ஸ் இவற்றை எப்போது பயன்படுத்தலாம்?

உங்கள் சொந்த நிலையைத் தொடங்க இவற்றைவிட நல்ல கருவி இல்லை. அட்டவணை நிரப்புவது, கான்ஃபிக் படிப்பது போன்றவை. எத்தனை திரெட் வந்தாலும் ஒன்றுதான் உள்ளே போகும். மற்றவை அது முடியும்வரை நிற்கும். வெளியே வரும்போது முதல் திரெட் எழுதியது எல்லாம் அவற்றுக்குத் தெரியும். மேலே பார்த்த பழைய எண்ணிக்கை முறையில் இல்லாதது இந்தக் காத்திருப்புதான்.

விண்டோஸில் விஸ்டாவில் இருந்து இனிட்ஒன்ஸ்எக்ஸிக்யூட்ஒன்ஸ் இருக்கிறது. சி++11-ல் இன்னும் எளிய வழி: ஃபங்ஷனுக்குள் ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள். அதைத் தொடங்குவது ஒரே முறை, பாதுகாப்பாக நடக்கும் என்று மொழித் தரமே உறுதி தருகிறது. விஷுவல் ஸ்டுடியோவில் 2015 பதிப்பில் இருந்துதான் இது உண்டு. ஜிசிசியில் இந்தப் பாதுகாப்பை அணைக்கும் ஒரு விருப்பமும் இருக்கிறது, கோட் அளவைக் குறைக்க யாராவது அதைப் போட்டிருக்கிறார்களா என்று மேக்ஃபைலில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

மூன்று குழிகள். ஒன்று, பிதிரெட்_ஒன்ஸுக்குள் ஓடும் ஃபங்ஷன் எந்த மதிப்பையும் திருப்பாது. தொடக்கம் தோற்றதா என்பதை நீங்கள்தான் ஒரு வேரியபிளில் எழுதிவைத்து, வெளியே வந்ததும் பார்க்க வேண்டும். ஸ்டட்::கால்_ஒன்ஸில் எக்செப்ஷன் வீசினால் ‘நடக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டு அடுத்த திரெட் மறுபடி முயலும். இரண்டாவது, அதற்குள் இருந்தே சுற்றி வந்து அதே ஒன்ஸை அழைத்தால் டெட்லாக், அதாவது எதுவும் நகராமல் காத்தே நிற்கும். லாக் எழுதும் ஃபங்ஷன் லைப்ரரியைத் தொடங்கும், லைப்ரரி தொடங்கும்போது லாக் எழுதும் என்ற சுற்று இப்படித்தான் மாட்டும். மூன்றாவது முன்பே சொன்னது: உங்கள் ஒன்ஸ் உங்களுக்கு மட்டும்தான். பழைய லிப்கர்லை இதற்குள் வைத்து அழைப்பது அபாயத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

முதலில் பூட்டு இல்லாமல் ஒரு முறை பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் பூட்டினால் வேகமாக இருக்குமே?

இரட்டைச் சோதனைப் பூட்டு. புகழ்பெற்ற பொறி. பூட்டுக்கு வெளியே சாதாரண பாயின்டரைப் பார்த்து ‘காலி இல்லை, எனவே தயார்’ என்று முடிவு செய்கிறீர்கள். ஆனால் பாயின்டர் எழுதப்பட்டது தெரிந்தாலும், அது காட்டும் பொருளின் உள்ளடக்கம் உங்கள் கோருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். கம்பைலரும் வரிசையை மாற்றலாம், பிராசசரும் மாற்றலாம். எக்ஸ்86-ல் எழுதும் வரிசையைப் பிராசசர் பெரும்பாலும் காப்பாற்றிவிடும், அதனால் பிழை ஒளிந்திருக்கும். ஏஆர்எம்மில் அந்தச் சலுகை இல்லை. மேசைக் கணினியில் வருடக்கணக்கில் ஓடிய கோட் ஃபோனிலோ ஏஆர்எம் சர்வரிலோ கிராஷ் ஆவதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ஜாவாவில் இந்த முறை 2004-ல் வந்த ஜாவா 5-க்கு முன்பு சரியாக வேலை செய்யவே வழி இல்லை. மெமரி மாடலைத் திருத்திய பிறகு வாலடைல் போட்டால் சரி. சி++-ல் அக்வயர், ரிலீஸ் வரிசையோடு அணு மாறியைப் பயன்படுத்தினால் சரியாக எழுதலாம். எழுதலாம், ஆனால் எதற்கு? ஃபங்ஷனுக்குள் இருக்கும் ஸ்டாட்டிக்கை உருவாக்கும்போது கம்பைலர் உள்ளே செய்வது இதையேதான். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மெயினுக்கும் முன்பே ஓடும் குளோபல் ஆப்ஜெக்டின் கன்ஸ்ட்ரக்டரில் போட்டால் பிரச்சினையே இல்லையே?

ஸ்டாட்டிக்காக இணைத்த சிறு புரோகிராமில் ஓடிவிடும். ஆனால் வெவ்வேறு கோப்புகளில் உள்ள குளோபல்களில் எது முதலில் ஓடும் என்று சி++ உறுதி சொல்வதில்லை. உங்கள் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே வேறொன்று ஓடி, அது ஒரு திரெட்டைத் தொடங்கியிருக்கலாம். பிளகினாக டிஎல்ஓப்பன் மூலம் நடுவில் ஏற்றப்பட்டால் ‘மெயினுக்கு முன்’ என்பதே பொய்யாகிவிடும். அப்போது புரோகிராமில் முப்பது திரெட் ஓடிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் டிஎல்எல்லில் இது இன்னும் ஆபத்து. டிஎல்எல்மெயினோ ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரோ ஓடும்போது லோடர் பூட்டை விண்டோஸ் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் இருந்து தொடங்கும் லைப்ரரி இன்னொரு டிஎல்எல்லை ஏற்றினாலோ ஒரு திரெட்டுக்காகக் காத்திருந்தாலோ மொத்தமும் உறைந்துவிடலாம். அங்கே வைக்காதீர்கள் என்று லிப்கர்ல் ஆவணம் நேராகவே சொல்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பூட்டு ஃபங்ஷன்கள் எழுதித் தர வேண்டும் என்று ஒரு பழைய கோடில் பார்த்தேன். இன்னும் வேண்டுமா?

1.0.2 வரை வேண்டும். அந்தக் காலத்து ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு உங்கள் திரெட் அமைப்பு என்னவென்று தெரியாது. பூட்டவும் திறக்கவும் ஒரு கால்பேக்கை (லைப்ரரி திரும்ப அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், திரெட் எண்ணைச் சொல்ல இன்னொன்று. கொடுக்காவிட்டால் பூட்டே இல்லாமல் ஓடும். லிப்கர்ல் இதை உங்களுக்காகச் செய்யாது. கால்பேக்குக்கு ஒரே ஓர் இடம்தான் என்பதால் இரண்டு லைப்ரரிகள் ஆளுக்கொன்று வைத்து ஒன்றை ஒன்று அழிப்பதும், பிளகினை இறக்கிய பிறகு கால்பேக் காற்றில் தொங்குவதும் உண்டு.

2016 ஆகஸ்டில் வந்த 1.1.0 இதை எல்லாம் தூக்கிப் போட்டது. பூட்டுகளைத் தானே பார்த்துக்கொள்கிறது, தொடக்கமும் தேவைப்படும்போது பாதுகாப்பாகத் தானே நடக்கிறது. பழைய கால்பேக் ஃபங்ஷன்கள் இப்போது ஒன்றும் செய்யாத வெற்று மேக்ரோக்கள். 1.0.2-க்கான பொது ஆதரவு 2019 இறுதியோடு முடிந்தது. இன்னும் அதில் இருந்தால் திரெட் கவலையைவிடப் பெரிய கவலைகள் உங்களுக்கு இருக்கின்றன.

மற்ற லைப்ரரிகளும் இதே மாதிரிதானா?

ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆவணத்தில் ‘திரெட்’ என்று தேடிப் பார்ப்பதைத் தவிரக் குறுக்கு வழி இல்லை.

எஸ்க்யூலைட் நல்ல பிள்ளை. அதன் தொடக்க ஃபங்ஷன் திரெட்-பாதுகாப்பானது, டேட்டாபேஸைத் திறக்கும்போது தானாகவும் ஓடும். ஆனால் அமைப்புகளை மாற்றும் கான்ஃபிக் ஃபங்ஷனும் மூடும் ஷட்டவுன் ஃபங்ஷனும் பாதுகாப்பானவை அல்ல. தொடங்கிய பிறகு கான்ஃபிக் அழைத்தால் பெரும்பாலான அமைப்புகளுக்குத் தவறான பயன்பாடு என்ற பிழைக் குறிதான் வரும். மைஎஸ்க்யூஎல்லின் சி லைப்ரரி லிப்கர்லின் அண்ணன்: மைஎஸ்க்யூஎல்_இனிட் தேவைப்பட்டால் லைப்ரரித் தொடக்கத்தையும் தானே அழைக்கும், அது திரெட்-பாதுகாப்பானது அல்ல. எனவே திரெட்டுகளுக்கு முன் நீங்களே அழைக்க வேண்டும். வேலைத் திரெட் முடியும்போது அதற்கென்று உள்ள முடிவு ஃபங்ஷனையும் மறக்கக் கூடாது.

லினக்ஸில் சாளரங்களைக் காட்ட உதவும் எக்ஸ்லிப்பில் எக்ஸ்இனிட்திரெட்ஸ் என்ற ஃபங்ஷனை மற்ற எந்த எக்ஸ்லிப் அழைப்புக்கும் முன் அழைக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. மறந்தவர்கள் ஏராளம். 2022-ல் வந்த 1.8 பதிப்பில் லைப்ரரி ஏறும்போதே அது தானாக ஓடும்படி மாற்றினார்கள். உடனே, பூட்டு இல்லாததால் மட்டுமே அதுவரை ஓடிக்கொண்டிருந்த சில புரோகிராம்கள் டெட்லாக் ஆகி நின்றன.

கிளீன்அப் அழைக்கத்தான் வேண்டுமா? புரோகிராம் முடிந்தால் ஓஎஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமே?

எடுத்துக்கொள்ளும். மெமரிப் பிழை தேடும் வால்கிரைண்டின் அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றாலோ, பிளகினை ஏற்றி இறக்குகிறீர்கள் என்றாலோ கிளீன்அப் தேவை. மற்றபடி, வேலைத் திரெட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகக் கிளீன்அப் அழைப்பதைவிட அழைக்காமல் விடுவது எவ்வளவோ மேல். ‘புரோகிராம் மூடும்போது மட்டும் எப்போதாவது கிராஷ்’ என்ற புகார் வந்தால் முதலில் ஜாயின் செய்யாத (முடியும்வரை மெயின் காத்திராத) திரெட்டுகளைத் தேடுங்கள்.

ஃபோர்க் செய்தால், அதாவது ஓடும் பிராசஸை நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கினால்?

பல திரெட் உள்ள புரோகிராம் ஃபோர்க் செய்தால், குழந்தைப் பிராசஸில் ஃபோர்க்கை அழைத்த ஒரு திரெட் மட்டுமே இருக்கும். ஆனால் மெமரி முழுவதும் நகலாகும், பூட்டுகளும் சேர்த்து. அந்த நொடியில் வேறொரு திரெட் ஒரு பூட்டைப் பிடித்திருந்தால், குழந்தையில் அது பூட்டியபடியே நிற்கும். திறக்க வேண்டிய திரெட் அங்கே இல்லை. தொடக்கத்தின் நடுவில் இருந்த லைப்ரரி என்றென்றும் நடுவிலேயே இருக்கும். அதனால்தான் வேறொரு புரோகிராமுக்கு மாற்றும் எக்ஸெக்கை அழைக்கும்வரை சிக்னல்-பாதுகாப்பான ஃபங்ஷன்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்று பாசிக்ஸ் தரம் சொல்கிறது.

வேலைப் பிராசஸ்கள் வேண்டும் என்றால் முதலில் ஃபோர்க், பிறகு ஒவ்வொரு குழந்தையிலும் லைப்ரரித் தொடக்கம், அதற்குப் பிறகு திரெட்டுகள். இந்த வரிசை மாறக் கூடாது. பைத்தானும் இந்த வலியை உணர்ந்துதான் 3.12-ல் இருந்து பல திரெட் நிலையில் ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை காட்டுகிறது, 3.14-ல் லினக்ஸில் மல்டிபிராசஸிங்கின் இயல்பு முறையையே ஃபோர்க்கில் இருந்து மாற்றிவிட்டது.

நான் எழுதுவது பைத்தான், பிஎச்பி. இதெல்லாம் எனக்கு எதற்கு?

பெரும்பாலும் தேவை இல்லை. லிப்கர்லைப் பைத்தானுக்குத் தரும் பைகர்ல் இம்போர்ட் ஆகும்போதே குளோபல் தொடக்கத்தைச் செய்துவிடும். பிஎச்பியின் கர்ல் நீட்சியும் ஏறும்போது செய்துவிடும். பைத்தானில் அந்த இம்போர்ட் வரியைத் திரெட் ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைக்காமல் கோப்பின் தலையில் வையுங்கள், அவ்வளவுதான்.

முறைப்படி தொடங்கிவிட்டேன். இனி லிப்கர்லை எந்தத் திரெட்டிலும் எப்படியும் பயன்படுத்தலாம்தானே?

எந்தத் திரெட்டிலும், ஆம். எப்படியும், இல்லை. கர்ல்_ஈஸி_இனிட் திருப்பித் தரும் ஒரு ஈஸி ஹேண்டிலை ஒரே நேரத்தில் இரண்டு திரெட் தொடக் கூடாது. திரெட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்வதே நிம்மதி. டிஎன்எஸ் கேஷ் போன்றவற்றைப் பகிர வேண்டும் என்றால் ஷேர் ஹேண்டில் இருக்கிறது, அதற்குப் பூட்டும் திறக்கும் கால்பேக்குகளை நீங்கள் தர வேண்டும்.

அப்புறம் நோசிக்னல் என்ற விருப்பம். லிப்கர்லைப் பின்னணித் திரெட் வைத்துப் பெயர் தேடும் வசதியோ சி-ஏரெஸோ இல்லாமல் கட்டியிருந்தால், பெயர் தேடலுக்குக் காலக்கெடு வைக்க அது அலாரம் சிக்னலைப் பயன்படுத்தும். சிக்னல் பிராசஸ் முழுவதற்கும் பொது என்பதால் பல திரெட் புரோகிராமில் இது விபரீதம். எல்லா ஹேண்டிலிலும் அந்த விருப்பத்தை 1 ஆக வையுங்கள். அப்படிக் கட்டிய லைப்ரரியில் பெயர் தேடலுக்குக் காலக்கெடு இல்லாமல் போகும், அந்த விலை பரவாயில்லை.

தொடக்கத்தில் போட்டி இருக்கிறதா என்று சோதித்துப் பிடிப்பது எப்படி?

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் திரெட் சானிட்டைசர் இருக்கிறது. அதைப் போட்டுக் கம்பைல் செய்தால் வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும், மெமரி 5 முதல் 10 மடங்கு கூடும், ஆனால் எந்த இரண்டு வரிகள் மோதுகின்றன என்று கையில் கொடுத்துவிடும். ஒரு நிபந்தனை: சானிட்டைசரோடு கம்பைல் ஆன கோடில் நடக்கும் மெமரிப் பயன்பாடு மட்டுமே அதற்குத் தெரியும். கணினியில் ஏற்கெனவே உள்ள லிப்கர்லோடு இணைத்துவிட்டு ‘பிழை எதுவும் இல்லை’ என்று மகிழக் கூடாது. லிப்கர்லையும் அதே விருப்பத்தோடு கட்டுங்கள். முடியாவிட்டால் வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட் இருக்கிறது. அதற்கு மறு கம்பைல் வேண்டாம், பொறுமை வேண்டும்.

சோதனை எழுதும்போது பலர் விடும் இடம் ஒன்று உண்டு. தொடக்கம் ஒரு பிராசஸில் ஒரே முறைதான் நடக்கும். எனவே ஒரே புரோகிராமுக்குள் ஆயிரம் முறை லூப் போட்டால், முதல் சுற்றைத் தவிர மற்ற 999 சுற்றும் எதையும் சோதிப்பதில்லை. சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி, எட்டு திரெட்டுகளை ஒரு பேரியரில் நிறுத்தி, ஒன்றாகத் திறந்துவிட்டு, எல்லாம் ஒரே நேரத்தில் முதல் அழைப்பைச் செய்யும்படி வையுங்கள். முடிந்ததும் பிராசஸ் வெளியேறட்டும். அதன் பிறகு ஷெல்லில் லூப் போட்டு அந்தப் புரோகிராமையே ஆயிரம் முறை ஓட்டுங்கள். ஏஆர்எம் கணினி கிடைத்தால் அதிலும் ஓட்டிப் பாருங்கள்.